கிணற்று நீருக்கு ஊர் எது?
மாத்தளையில் தரைக்கீழ் நீரின் பிறப்பிடத்தைத் தேடும் விஞ்ஞானம்

தம்புள்ளைக் குகை விகாரைக்குச் சென்றவர்கள், அங்குள்ள பெரிய குகையின் பாறைக் கூரையிலிருந்து துளித்துளியாகச் சொட்டும் நீரைக் கண்டிருப்பார்கள். கீழே வைக்கப்பட்டுள்ள பாத்திரத்தில் அது சேருகின்றது. சுற்றிலுமுள்ள ஊர்களில் கிணறுகள் வற்றிக் கிடக்கும் காலத்திலும் அந்தச் சொட்டு நிற்பதில்லை என்று மக்கள் சொல்லுகின்றார்கள். தம்புள்ளை என்னும் பெயரே இந்தப் பாறை நீரிலிருந்து வந்தது என்பாரும் உளர். வழிபட வருவோர் அதனைப் புனித நீராகக் கொள்ளுகின்றனர். விவசாயி ஒருவர் அதைப் பார்த்தால் அவருக்கு இன்னொரு கேள்வியும் எழும்: இந்த நீர் எங்கேயிருந்து வருகின்றது?

நாம் அன்றாடம் குடிக்கும் நீரைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். தோட்டத்து லயத்துக்குப் பின்னாலுள்ள பீலி, வயலோரத்து ஊற்று, வீட்டு முற்றத்துக் கிணறு, பாடசாலை வளவிலுள்ள குழாய்க்கிணறு ஆகியவை எங்கே பெய்த மழையால் நிரம்புகின்றன? எத்தனை வருடங்களுக்கு முன்னர் பெய்த மழை அது? கிணறு தோண்டுமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைத்து, குச்சியையோ தேங்காயையோ பிடித்து இடம் குறிப்பது நமது வழக்கம். அவர் தோண்ட வேண்டிய இடத்தைக் காட்டுவார். அந்த நீர் புறப்பட்ட இடத்தை அவரால் காட்ட முடியாது.

ஆனால் காக்க வேண்டியது அந்தப் புறப்பட்ட இடத்தைத்தான். கிணற்றைச் சுற்றிச் சீமெந்துக் கட்டுக் கட்டி, மூடி போட்டுப் பாதுகாத்தாலும், மேலேயுள்ள மலையில் நீர் நிலத்துள் இறங்கும் இடம் அழிந்துபோனால் அல்லது அசுத்தமடைந்தால் கீழேயுள்ள கிணற்றுக்குப் பயனில்லை. நீர் நிலத்துள் இறங்கும் அப்பகுதியை மீள்நிரப்பற் பிரதேசம் என்பர். அதனைக் கண்டுபிடிக்க இன்று விஞ்ஞானிகள் இரண்டு சாட்சிகளை விசாரிக்கின்றார்கள். ஒன்று, நீரின் அணுக்களில் உள்ள சமதானிகள். மற்றது, நீரில் கரைந்துள்ள உப்புகள்.

பல நீர்கள் சேரும் மாவட்டம்

மாத்தளை மாவட்டம் இவ்விசாரணைக்கு ஏற்ற இடமாகும். தெற்கிலும் கிழக்கிலும் மலை. வடக்கே தம்புள்ளை, கலேவெல, சிகிரியா எனப் பரந்த உலர் வலயம். கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடர் சுவர்போல நிற்கின்றது. அதன் உயர்ந்த சிகரமான கொம்பானியா 1,906 மீற்றர் உயரமானது. மாத்தளை நகரமோ ஏறத்தாழ 360 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. இவ்விரண்டுக்கும் இடையில் இரத்தோட்டை, எல்கடுவ, கம்மடுவ போன்ற தேயிலை, ஏலக்காய்ப் பிரதேசங்கள் அமைந்துள்ளன. மலைத்தொடருக்கு அப்பால், மகாவலிப் பக்கமாக இறங்கினால் லக்கலயும் வில்கமுவவும் வருகின்றன.

மழையும் இங்கே ஒரே திசையிலிருந்து வருவதில்லை. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று, இடையில் சித்திரை மாதத்து இடிமழை, ஐப்பசி கார்த்திகையில் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்கள் கொண்டுவரும் மழை என நான்கு பருவங்களில் மழை பெய்கின்றது. மலையின் ஒரு பக்கம் நனையும் காலத்தில் மறு பக்கம் காய்வதுண்டு.

ஆற்று நீரும் உள்ளூர் நீர் மட்டுமன்று. 1976 இல் பொல்கொல்லையில் மகாவலி மறிக்கப்பட்டு, அதன் நீரில் ஒரு பகுதி சுமார் 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து சுது கங்கையில் விழுகின்றது. அங்கிருந்து அம்பன் கங்கைக்கும் போவத்தென்னவுக்கும் அப்பாலுள்ள வயல்களுக்கும் போகின்றது. ஆகவே மாத்தளை நகருக்கருகில் ஓடும் ஆற்றில் நுவரெலியாப் பக்கத்து மழையும் கலந்திருக்கின்றது. 2018 இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கமும், அதனோடு இணைந்த களு கங்கை நீர்த்தேக்கமும் இந்தக் கலப்பை மேலும் விரிவாக்கியுள்ளன. இத்தனை நீர்களுக்கு நடுவில் ஒரு கிணற்று நீரின் ஊரை எப்படிக் கண்டறிவது?

நீரின் அடையாள அட்டை

ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்தது நீர் என்பதை நாம் பாடசாலையில் படித்திருக்கின்றோம். எல்லா ஒட்சிசன் அணுக்களும் ஒரே நிறையுடையவை அல்ல. பெரும்பாலானவற்றின் நிறை 16. ஏறத்தாழ 500 இல் ஒன்று மட்டும் சற்றுப் பாரமானது. அதன் நிறை 18. ஐதரசனிலும் அப்படியே. சாதாரண ஐதரசனைப் போல் இரு மடங்கு நிறையுள்ள தூத்தேரியம் என்னும் வகை, பத்து லட்சத்தில் 150 அளவில் கலந்திருக்கும். ஒரே மூலகத்தின் இவ்வாறான வேறு நிறையுள்ள அணுக்களைச் சமதானிகள் என்பர். இவை இயற்கையாகவே நீரில் உள்ளவை. இவற்றால் நீரின் சுவையோ நிறமோ மாறுவதில்லை, உடலுக்குத் தீங்குமில்லை. இந்த ஆய்வுக்காகக் கிணற்றுக்குள் யாரும் எதையும் போடுவதுமில்லை. 'அணு' என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சவேண்டிய அவசியமில்லை என்பதை ஊர்மக்களுக்கு முதலில் எடுத்துச் சொல்லவேண்டும்.

கடல் நீர் ஆவியாகும்போது இலேசான நீர்த் துணிக்கைகள் விரைவாக மேலெழுகின்றன. பாரமானவை பின்தங்குகின்றன. முகில் மலைமீது ஏறிக் குளிரும்போது இதற்கு மாறாக, பாரமான துணிக்கைகள் முந்திக்கொண்டு மழையாக விழுகின்றன. முகில் மேலும் மேலும் உயர, அதில் எஞ்சியிருப்பது இலேசான நீரே. எனவே அடிவாரத்தில் விழும் மழையில் பாரமான சமதானிகள் சற்று அதிகமாகவும், மலையுச்சியில் விழும் மழையில் சற்றுக் குறைவாகவும் இருக்கும். கொழுந்துக் கூடையைச் சுமந்து மலையேறுபவர் வழியில் பாரமானதை முதலில் இறக்கி வைப்பது போல என்று இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேறுபாடு மிகச் சிறியது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அளவிலேயே அதைக் கணக்கிடுகின்றார்கள். உலகத்துச் சமுத்திர நீரின் சராசரியைப் பூச்சியமாக வைத்து, அதைவிடப் பாரச் சமதானி குறைந்த நீருக்குச் சயக் குறியிடுவர். மழை நீர் பெரும்பாலும் சயப் பக்கமே நிற்கும். 1961 இல் அமெரிக்க விஞ்ஞானி ஹாமன் கிரெய்க், உலகின் பல பாகங்களிலிருந்து வந்த நீர்களை ஒப்பிட்டு ஓர் ஒழுங்கைக் காட்டினார். மழை நீரின் ஒட்சிசன்-18 அளவை எட்டால் பெருக்கிப் பத்தைக் கூட்டினால், ஏறக்குறைய அதன் தூத்தேரிய அளவு கிடைக்கும். வரைபடத்தில் இது ஒரு நேர்கோடாக அமையும். வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகவரகமும் உலக வானிலை நிறுவனமும் 1960களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் மழைநீரைச் சேகரித்து இவ்வகை அளவீடுகளைத் தொகுத்து வருகின்றன.

கிணற்று நீர் இந்த மழைக்கோட்டின் மேலேயே இருந்தால், பெய்த மழை வெயிலில் அதிகம் கிடவாமல் நேரே நிலத்துள் இறங்கியிருக்கின்றது என்பது பொருள். கோட்டிலிருந்து விலகிப் பக்கமாகச் சாய்ந்திருந்தால், அந்நீர் குளத்திலோ வயலிலோ தேங்கி, வெயிலில் ஒரு பகுதி ஆவியாகி, எஞ்சியது இறங்கியிருக்கின்றது எனலாம். குளத்து நீருக்கு இவ்வாறு தனியொரு முத்திரை உண்டு. குளக்கட்டுக்குக் கீழேயுள்ள கிணற்றில் அந்த முத்திரை தெரிந்தால், அக்கிணற்றைப் போஷிப்பது அந்தக் குளமே.

மலையின் உயரத்தைக் கணக்கிடல்

ஒரு கணக்கை உதாரணமாகப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களே. அடிவாரத்தில், 360 மீற்றர் உயரத்தில், வருட மழையின் ஒட்சிசன்-18 அளவு சயம் 5.0 என வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்துக்கும் அது 0.25 குறைகின்றது எனவும் கொள்வோம். அடிவாரத்திலுள்ள குழாய்க்கிணற்று நீரை அளந்தால் சயம் 6.0 வருகின்றது. வித்தியாசம் 1.0. அதை 0.25 ஆல் பிரித்தால் 4. அதாவது 400 மீற்றர். ஆகவே அந்நீர் அடிவாரத்து மழை அல்ல; ஏறத்தாழ 760 மீற்றர் உயரத்தில் பெய்த மழை. நிலப்படத்தை விரித்து, கிணற்றுக்கு மேலே 760 மீற்றர் உயரத்தில் என்ன இருக்கின்றது என்று பார்க்கவேண்டும். அது காடாக இருக்கலாம், தேயிலை மலையாக இருக்கலாம், லயங்களும் மலசலகூடக் குழிகளும் உள்ள இடமாகவும் இருக்கலாம்.

கணக்கு எளிது; அதற்கு வேண்டிய எண்களைப் பெறுவது எளிதன்று. வேறு நாட்டில் அளந்த எண்ணை இங்கே பொருத்த முடியாது. அதே மலையில், வெவ்வேறு உயரங்களில் மழைமானிகளை வைத்து, குறைந்தது ஒரு வருட காலம் எல்லாப் பருவத்து மழையையும் சேகரிக்கவேண்டும். தாழமுக்க காலத்துப் பெருமழை சமதானி அளவில் மற்ற மழைகளிலிருந்து வேறுபடும் என்பதால், ஒரு மாதத்து மழையை மட்டும் அளந்துவிட்டு முடிவு சொல்லக்கூடாது.

நீரின் வயது

ஐதரசனுக்கு மூன்றாவது வகையொன்றும் உண்டு. அதன் பெயர் திரிதியம். வளிமண்டலத்தின் உயரத்தில் இயற்கையாகவே மிகச் சிறிதளவில் உருவாகி மழையோடு இறங்குகின்றது. இது நிலையற்றது. ஏறத்தாழ 12.3 வருடங்களில் பாதியாகவும், மேலும் 12.3 வருடங்களில் காற்பங்காகவும் தேய்ந்துவிடும். நிலத்துள் இறங்கிய நீருக்குப் புதுத் திரிதியம் கிடைப்பதில்லை. ஆகவே கிணற்று நீரில் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்று பார்த்து, அது அண்மைக் காலத்து மழையா, அல்லது நமது பாட்டன் காலத்து மழையா என்று சொல்லலாம்.

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் நடத்திய அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்துத் திரிதியத்தைப் பன்மடங்காக்கின. 1963 அளவில் அது உச்சத்தை அடைந்தது. அழிவுக்காகச் செய்த அக்காரியம் நீரியலாளருக்கு ஒரு காலக்குறியைத் தந்தது. அந்தக் குறி இப்போது பெரிதும் தேய்ந்துவிட்டது. எமது போன்ற வெப்பவலய நாடுகளின் மழையில் இயற்கைத் திரிதியமும் குறைவு. எனவே நீரை முதலில் செறிவாக்கிய பின்னரே அளக்கவேண்டியுள்ளது. திரிதியமே இல்லாத மிகப் பழைய நீருக்கு, 5,730 வருட அரைவாழ்வுக் காலமுள்ள காபன்-14 கைகொடுக்கின்றது.

வயது தெரிவதால் என்ன பயன்? நீர் இளமையானதாயின், இவ்வருட மழை குறைந்தால் அடுத்த கோடையில் கிணறு இறங்கும். மேலே கொட்டிய அசுத்தமும் விரைவில் வந்து சேரும். நீர் மிகப் பழையதாயின், மழை பொய்த்த வருடத்திலும் அது தாங்கும். ஆனால் பம்பு வைத்து மிகையாக இறைத்தால் திரும்ப நிரம்ப நெடுங்காலம் செல்லும். வங்கியிலிட்ட முதலைச் செலவழிப்பதற்கும் வட்டியைச் செலவழிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

பாறை சொல்லும் சாட்சி

சமதானிகள் நீர் பெய்த இடத்தைச் சொல்லும். அது நடந்து வந்த பாதையைச் சொல்லுவது இரசாயனம். மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு. மண்ணுக்குள் இறங்கும்போது அது காபனீரொட்சைட்டை எடுத்துக்கொண்டு இலேசான அமிலத் தன்மை பெற்று, பாறைகளை மெல்லக் கரைக்கின்றது.

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு மிகப் பழைய உருமாறிய பாறைகளால் ஆனது. மாத்தளையில் அவற்றுக்கிடையே பளிங்குச் சுண்ணாம்புக்கல்லும் டொலமைற்றும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. நகருக்கு வடக்கே சுண்ணாம்புச் சூளைகள் இருப்பதும், தேயிலைக்குப் போடும் டொலமைற்று இம்மாவட்டத்திலிருந்து வருவதும் நாம் அறிந்ததே. இந்தக் கல்லினூடாக வரும் நீரில் கல்சியமும் மகனீசியமும் இருகாபனேற்றும் கூடும். அது வன்னீர். சவர்க்காரம் நுரைக்காது, கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். கடினமான பாறைகளின் வெடிப்புகள் வழியே விரைவாக வரும் மலையூற்று நீரோ மென்மையானது.

நைத்திரேற்று கூடினால் மலசலகூடக் குழி, மாட்டுத் தொழுவம், பசளை ஆகியவற்றைச் சந்தேகிக்கவேண்டும். உலர் வலயத்தில் பாறையிலிருந்து கரையும் புளோரைட்டு இன்னொரு பிரச்சினை. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெப்பம் காரணமாக அதிக நீர் குடிக்கும் எமது நாட்டுக்கு 1.0 மில்லிகிராம் என வகுத்துள்ளனர். அளவு மிஞ்சினால் பிள்ளைகளின் பற்களில் மண்ணிறக் கறை படியும். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். புளோரைட்டோ வன்மையுள்ள மகனீசியமோ அவ்வாறு போய்விடாது. நீர் வற்ற வற்றப் புளோரைட்டின் செறிவு கூடவே செய்யும்.

சமதானியும் இரசாயனமும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. யாழ்ப்பாணத்தில் கிணறுகள் உவராவதற்குக் கடல்நீர் உட்புகுவதே காரணம் என்று நெடுங்காலம் பேசப்பட்டது. 2016 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சந்திரஜித்தும் ஜெர்மனிய ஆய்வாளரும் வெளியிட்ட ஆய்வு, இரண்டு சாட்சிகளையும் சேர்த்து விசாரித்தது. தோட்டங்களுக்கு இறைத்த நீர் வெயிலில் ஆவியாகி, உப்புச் செறிந்து, மீண்டும் நிலத்துள் இறங்குவதும் முக்கிய காரணம் என்பதை அது காட்டியது. நோயின் காரணம் மாறினால் மருந்தும் மாறவேண்டும் அல்லவா?

கைகாவலையில் பீறிடும் நீர்

மாத்தளைக்கு வடக்கே கைகாவலையில் ஒரு கிணறு உண்டு. அங்கே பம்பு தேவையில்லை. தரைக்குக் கீழிருந்து நீர் தானாகவே பீறிட்டு வெளிவருகின்றது. இத்தகைய கிணறு எப்படி உண்டாகின்றது? மேட்டில் நீர் இறங்கி, இறுக்கமான பாறைகளுக்கிடையே அகப்பட்டு, வெடிப்புகள் வழியே தாழ்வை நோக்கி வருகின்றது. வீட்டுக் கூரைமேலுள்ள தாங்கியிலிருந்து குழாய் வழியே வரும் நீருக்கு அழுத்தம் இருப்பது போல, அந்நீரும் மேட்டின் உயரத்தால் அழுத்தப்பட்டிருக்கும். கீழே துளை போட்டவுடன் மேலெழுந்து பாயும்.

அப்படியானால் அந்தத் 'தாங்கி' எந்த மலையில் இருக்கின்றது? இதைத்தான் சமதானியும் நீரிரசாயனமும் கொண்டு தேடுகின்றார்கள். தேடும் முறை ஒரு பொலிஸ் விசாரணை போன்றது. முதலில் சந்தேகத்துக்குரிய எல்லா நீர்களையும் வரிசையில் நிறுத்துகின்றார்கள்: பல உயரங்களில் பெய்த மழை, ஆற்று நீர், அயலிலுள்ள ஆழமில்லாக் கிணறுகள், மலையூற்றுகள். பீறிடும் நீரின் சமதானி அளவு ஆற்று நீரோடு ஒத்துப்போகாவிட்டால் ஆறு விடுவிக்கப்படும். அயற் கிணறுகளைவிடப் பாரச் சமதானி குறைந்திருந்தால் உயரமான இடத்தை நோக்கிக் கைகாட்டும். கல்சியமும் மகனீசியமும் மிகுந்திருந்தால் சுண்ணாம்புக்கற் பட்டை வழியே நீர் வந்திருக்கின்றது எனத் தெரியும். வருடம் முழுவதும் அளவு மாறாதிருந்தால் நிலத்தடித் தேக்கம் பெரியது. மழைக்கேற்ப மாறினால் சிறியது. கடைசியில், நிலவியல் படத்தில் அந்த உயரமும் அந்தப் பாறையும் சந்திக்கும் இடமே மீள்நிரப்பற் பிரதேசம்.

ஊரவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பீறிடும் நீரைக் கண்டவுடன், 'இது வற்றாது' என்று எண்ணி வீணே ஓடவிடுவது மனித இயல்பு. அது யாரோ ஒருவருடைய மலையில் இறங்கிய மழை. அங்கே இறங்குவது நின்றால் இங்கே பீறிடுவதும் நின்றுவிடும்.

வில்கமுவையும் சிறுநீரக நோயும்

நீரின் பிறப்பிடத்தை அறிவது வெறும் ஆராய்ச்சி ஆசை அன்று என்பதை வில்கமுவ மக்கள் நன்கறிவர். 1990களின் நடுப்பகுதியில் வடமத்திய மாகாணத்தில் முதலில் அறியப்பட்ட, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய், மாத்தளை மாவட்டத்தின் வில்கமுவையையும் மகாவலிக்கு அப்பால் பதுளை மாவட்டத்துக் கிராந்துருகோட்டையையும் விட்டுவைக்கவில்லை. வயலில் உழைக்கும் குடும்பத் தலைவர்களையே அது அதிகம் தாக்குகின்றது. நோய் முற்றும்வரை உடல் பெரிதாக எதையும் காட்டாது. பின்னர் இரத்தச் சுத்திகரிப்புக்காக வாரந்தோறும் நகர வைத்தியசாலைக்குப் பஸ் ஏறும் வாழ்க்கை. கூலி போகின்றது, நிலம் ஈடு வைக்கப்படுகின்றது, பிள்ளையின் படிப்பு நிற்கின்றது.

வன்னீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், கடும் வெயிலில் நீர் குடியாமல் உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. இறுதியான முடிவு இன்னும் நிறுவப்படவில்லை. இவ்விடயத்தில் சமதானி ஆய்வு ஒரு புதிய வெளிச்சத்தைத் தந்தது. இலங்கை அணுசக்திச் சபையைச் சேர்ந்த எதிரிசிங்கவும், பேராதனை ஆய்வாளரும் பிறரும் 2013 முதல் 2015 வரை உலர் வலயத்தில் நோய் பரவிய நான்கு பிரதேசங்களின் நீர்களைத் தூத்தேரியம், ஒட்சிசன்-18, திரிதியம் ஆகியவற்றாலும் இரசாயன முறையாலும் பரிசோதித்தனர். 2018 இல் முடிவுகள் வெளியாயின. குளம், வாய்க்கால் போன்ற மேற்பரப்பு நீரால் நிரப்பப்படும் கிணறுகளைக் குடிப்போரிடையே நோய் குறிப்பிடத்தக்க அளவு குறைவு. அசையாது தேங்கிக் கிடக்கும் தரைக்கீழ் நீரையும், தொலைவிலிருந்து நெடும்பாதை கடந்து வரும் தரைக்கீழ் நீரையும் குடிப்போரிடையே நோய் அதிகம். பாதிக்கப்பட்ட இடங்களுக்கு மேற்பரப்பு நீரோடு தொடர்புள்ள மூலங்களிலிருந்து குடிநீர் கொடுக்கவேண்டும் என்பது அவர்களுடைய பரிந்துரை.

இது நோயின் காரணத்தை நிரூபித்துவிட்டது என்று சொல்ல முடியாது. நீரில் உள்ள எந்தப் பொருள் தீங்கு செய்கின்றது என்பதை மேலும் ஆராயவேண்டும் என ஆய்வாளர்களே கூறியுள்ளனர். எனினும் நம்மிடையே வேரூன்றிய ஒரு நம்பிக்கையை இது அசைக்கின்றது. 'ஆழத்து நீர் சுத்தமான நீர். குளத்து நீர் அழுக்கு நீர்' என்று எண்ணியே பல ஊர்களில் குழாய்க்கிணறுகளைத் தோண்டினோம். கிருமிகளைப் பொறுத்தவரை அந்த எண்ணத்தில் உண்மை உண்டு. உப்புகளைப் பொறுத்தவரை, பாறையோடு நெடுங்காலம் உறவாடிய ஆழத்து நீரே அதிகம் சுமந்து வருகின்றது. குளத்தைத் தூர்வாரிக் காத்தால், வயலுக்கு நீர் கிடைப்பதோடு அயற் கிணறுகளும் புது நீரால் கழுவப்படுகின்றன. முன்னோர் குளத்துக்குக் கீழே கிணறு வைத்ததன் பயனை இங்கே காண்கின்றோம்.

கடற்படையினரும் வேறு அமைப்புகளும் பல ஊர்களில் நீர் வடிகட்டும் நிலையங்களை அமைத்துள்ளனர். அவை பெரும் உதவி. ஆனால் அவற்றுக்கு மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். வடிகட்டி ஒதுக்கும் உப்பு நீரையும் எங்கேயோ கொட்டவேண்டும். வீட்டுக் கூரையிலிருந்து மழைநீரைத் தாங்கியில் சேர்ப்பது, குடிக்கவும் சமைக்கவும் குறைந்த செலவிலான வழியாகும்.

மலை யாருடையது, நீர் யாருடையது?

நிலத்தடியில் உள்ள தொடர்புகளை அறியாமல் கைவைத்தால் என்ன நடக்கும் என்பதை ஊவா மாகாணம் கண்டது. உமா ஓயாத் திட்டத்துக்காக ஏறத்தாழ 15 கிலோமீற்றர் சுரங்கம் தோண்டியபோது, 2014 டிசெம்பரிலிருந்து பாறை வெடிப்புகளின் நீர் சுரங்கத்துள் பாயத் தொடங்கியது. மேலே பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. திட்டம் 2024 இல் திறந்து வைக்கப்பட்டது. கிணற்றை இழந்தவர்களில் பலர் நெடுங்காலம் பவுசர் நீருக்காக வாளியோடு நின்றனர்.

மாத்தளையில் இவ்வளவு பெரிய விபத்து வேண்டியதில்லை. சிறிய காரியங்களே போதும். ஊற்றுக்கு மேலுள்ள காட்டை ஏலத்துக்காகத் துப்புரவாக்குதல், சுண்ணாம்புக்கல் உடைக்கும் குழியை ஆழமாக்குதல், சரிவில் வடிகால் வெட்டி மழைநீரை நிலத்துள் இறங்கவிடாமல் ஓடவைத்தல் ஆகியன ஒவ்வொன்றும் கீழேயுள்ள ஏதோ ஒரு கிணற்றைத் தொடுகின்றன. நக்கிள்ஸ் வனம் 2000 ஆம் ஆண்டில் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டது; 2010 இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் ஒரு பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. அவ்வனத்தின் விலங்குகளைப் பற்றியும் செடிகளைப் பற்றியும் பேசுகின்றோம். மாத்தளை, லக்கல மக்களின் கிணறுகளுக்கு அதுவே தாங்கி என்பதையும் பேசவேண்டும்.

இங்கே நீதிப் பிரச்சினையொன்றும் உண்டு. மேலே லயத்தில் வாழும் தோட்டத் தொழிலாளிக்கு அந்த மலையில் ஓர் அடி நிலமும் சொந்தமில்லை. மலசலகூடம் எங்கே அமைவது, எந்தக் காட்டை வைப்பது, எதை வெட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கு இல்லை. கீழேயுள்ள கிராமத்தவர் தமது கிணறு கெட்டால் லயத்தவரைக் குறை சொல்லுகின்றனர். லயத்தவருக்கோ தமது பீலிக்கு மேலே தெளிக்கும் களைகொல்லியைத் தடுக்கும் வழியில்லை. மீள்நிரப்பற் பிரதேசத்தைக் காட்டும் ஒரு நிலப்படம் இருந்தால், மேலே நல்ல மலசலகூடம் அமைப்பது கீழேயுள்ள ஊரின் குடிநீர்த் திட்டத்தின் ஒரு பகுதியாகிவிடும். அப்போது தோட்டமும் கிராமமும் ஒரே மேசையில் அமர்ந்து பேசவேண்டிய காரணம் பிறக்கின்றது.

சங்கங்கள் செய்யக்கூடியவை

சமதானியை அளக்கும் கருவி ஆய்வுகூடத்தில்தான் உண்டு. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் வரும் வேலையில் பெரும்பகுதியை ஊரவரே செய்யலாம்.

1. ஊரிலுள்ள எல்லாக் கிணறுகளையும் ஊற்றுகளையும் பீலிகளையும் ஒரு படத்தில் குறியுங்கள். எது எந்த மாதத்தில் வற்றுகின்றது, எது வற்றுவதேயில்லை என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஆய்வாளருக்கு இதைவிடப் பெறுமதியான தொடக்கம் இல்லை.

2. முடிச்சிட்ட கயிற்றால் மாதம் ஒருமுறை கிணற்று நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் பதியுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் மழைமானி வைத்து நாளாந்த மழையைக் குறிக்கலாம். மழை பெய்து எத்தனை நாளில் மட்டம் ஏறுகின்றது என்பதே நீரின் பாதை நீளமா குறுகியதா என்பதற்கு முதல் தடயம்.

3. வருடத்தில் இருமுறை, மாரி முடிவிலும் கோடை முடிவிலும், நீரின் வன்மை, புளோரைட்டு, நைத்திரேற்று, கிருமிகள் ஆகியவற்றைப் பரிசோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகவோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை ஊடாகவோ ஏற்பாடு செய்யுங்கள். முடிவுகளை ஊர்ச் சனசமூக நிலையத்தில் எல்லோரும் பார்க்கத் தொங்கவிடுங்கள்.

4. சமதானிப் பரிசோதனைக்கு நீர் எடுக்க வாய்ப்புக் கிடைத்தால், சிறிய போத்தலை விளிம்புவரை காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி இறுக மூடவேண்டும். மூடி தளர்ந்தால் நீர் ஆவியாகி முடிவு பிழைக்கும். குழாய்க்கிணறாயின், குழாயில் தேங்கிய பழைய நீர் வெளியேறும்வரை இறைத்த பின்னரே பிடிக்கவேண்டும். இடம், திகதி, உயரம் ஆகியவற்றை உடனே எழுதவேண்டும்.

5. ஊற்றுக்கு மேலுள்ள சரிவில் உள்ளூர் மரங்களைக் காத்து, சமவுயரக் கோட்டில் கற்கட்டும் குழிகளும் அமைத்து, மழை நின்று இறங்க வழிசெய்யுங்கள். மலசலகூடக் குழியை ஊற்றுக்கு மேலே தோண்டாதீர்கள்.

6. புதிய கற்குழி, சுரங்கம், ஆழக் குழாய்க்கிணறு என எதற்கும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம் வரும்போது, 'இது எந்த ஊரின் மீள்நிரப்பற் பிரதேசம்?' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால், ஆய்வு செய்தபின் அனுமதி கொடுக்குமாறு கோருங்கள்.

அணுசக்திச் சபையும் நீர்வளச் சபையும் பல்கலைக்கழகங்களும் அரச பணத்தில், அதாவது மக்களின் பணத்தில், இயங்குவன. அவற்றின் அறிவு ஆங்கிலத்தில் அச்சான ஆய்வேடுகளில் அடங்கிவிடாமல், சிங்களத்திலும் தமிழிலும், ஒரு நிலப்படத்தோடு, கிணற்றுக்குச் சொந்தக்காரரின் கைக்கு வரவேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதும் அபிவிருத்தி வேலையே. இந்த மாரியில் நக்கிள்ஸ் சரிவில் பெய்யும் மழையில் ஒரு பகுதி இன்னும் பல வருடங்கள் கழித்து ஏதோ ஓர் ஊரின் கிணற்றில் ஊறப்போகின்றது. அதைக் குடிக்கப்போவது இன்று முதலாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள்.